காளியம்மா நிற்கும் இடம்

மலாக்கா மாநிலத்துப் புலாவ் செபாங் ரயில் நிலையத்தைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனால் வருகிற தாமானில், அந்த வரிசை வீட்டுக் குடியிருப்பில், காளியம்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. ஐம்பத்தெட்டு வயதாகிறது. மகள் வீட்டில் தனி அறை, நேரத்துக்குச் சாப்பாடு, பொழுது போக டிவி எல்லாம் இருக்கிறது. காலை நீட்டி உட்கார வேண்டிய மனுஷி, விடிந்ததும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு குப்பை பிரிக்கிற வேலைக்குப் போகிறாளே, இவளுக்கென்ன தலையெழுத்து என்று தாமானே கேட்டது. மகள் ஜானகி கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். காளியம்மா மசியவில்லை.

“வீட்டுல சும்மா இருந்தா கை கால் புடிச்சுக்கும்லா,” என்பாள். ஊருக்கும் அதே பதில்தான்.

பச்சைப் பொய். கை காலுக்காக யாராவது மாட்டுச் சாணியைவிட மோசமான நாற்றத்தில் போய் நிற்பார்களா? உண்மையான காரணம் அவள் வயிற்றுக்குள்ளேயே கிடந்தது. அது வெளியே வர முப்பத்தாறு வருஷம் பிடித்தது.

காளியம்மா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் ஒத்தப்பாலத் தோட்டத்தில். வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று கம்பெனி போர்டில் இருந்தது; அதை யார் கண்டார்கள்? ஆற்றுக்குக் குறுக்கே ஒரே ஒரு பாலம், அதனால் ஒத்தப்பாலம். அங்கே அவளும் புருஷன் அப்புசாமியும் கித்தா என்கிற ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். கல்யாணமான மறுவருஷமே ஆண் பிள்ளை. தலை நிறைய முடி. அழுதால் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயமே எழுந்து உட்கார்ந்துவிடும். முப்பதாம் நாள் வைப்பதற்கு அப்புசாமி ஒரு பெயரை மனத்துக்குள் தயாராக வைத்திருந்தான். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. “அன்னிக்குக் காதுல சொல்லுவேன்ல, அப்ப கேட்டுக்க,” என்று வம்பு பண்ணினான். அந்த முப்பதாம் நாள் வரவே இல்லை. காய்ச்சல் கண்டது, தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தார்கள், லோரி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் பிள்ளை அடங்கிவிட்டது.

தோட்டத்தில் இதற்கெல்லாம் ஒரு முறை இருந்தது. பல் முளைக்காத பிள்ளையை எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். அதுவும் பெரியவர்களோடு சேர்த்து இல்லை, சுடுகாட்டு வேலிக்கு வெளியே, ஓரமாக. கல் நடக் கூடாது. காரியம் கிடையாது. பெற்றவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது, வாய்விட்டு அழவும் கூடாது. எத்தனை பிள்ளை என்று யார் கேட்டாலும் போனதைச் சேர்த்துச் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்து வருவது தங்காது. காளியம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இருபத்திரண்டு வயதுப் பெண் வேறு என்ன செய்வாள், பாவம். முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள்.

பிறகு ஜானகி பிறந்தாள். தங்கினாள். கிளினிக்கில், பள்ளிக்கூடத்தில், கல்யாண வீட்டுப் பந்தியில் யார் கேட்டாலும் காளியம்மா, “ஒண்ணுதான்,” என்றாள். சொல்லிச் சொல்லி நாக்கு அதற்கே பழகிப்போனது.

அப்புசாமியும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல், வேலை முடிந்து வரும்போது கை நிறைய வெள்ளை நந்தியாவட்டைப் பூ கொண்டுவருவான். காளியம்மா அதை வாங்கிச் சாமி படத்துக்கு வைப்பாள். எங்கே பறித்தாய் என்று கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? லயத்தில் எந்த வீட்டு வாசலிலும் நந்தியாவட்டை இல்லை. ஒருமுறை ஜானகி, அப்போது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயசு, ஆசையாக ஒரு பூவை எடுத்துக் காதோரம் செருகிக்கொண்டாள். காளியம்மா பளாரென்று கன்னத்தில் ஒன்று வைத்தாள். பிள்ளை மேல் கை வைக்காதவள் அடித்ததைப் பார்த்து அப்புசாமி எழுந்து வெளியே போய்விட்டான். ஏன் அடித்தாள் என்று ஜானகிக்கு யாரும் சொல்லவில்லை.

காலம் ஓடியது. கித்தா மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள், லயம் காலியானது, தமிழ்ச் சனங்கள் தாமான் வீடுகளுக்கு வந்தார்கள். தோட்டம் தூரமானாலும் அப்புசாமி மோட்டார் சைக்கிளில் போய்ப் பூ கொண்டுவருவதை விடவில்லை. கடைசியில் பக்கவாதம் வந்து மலாக்கா ஆஸ்பத்திரியில் படுத்தபோதுதான், அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, வாயைக் கோணிக்கொண்டு அந்தப் பேச்சை எடுத்தான்.

“வேலிக்கு வெளிய... வாய்க்கா ஓரம். பூச்செடி நிக்கும். இடுப்பளவுக்குத் தோண்டித்தான் வச்சேன் காளி, பன்னி வந்து கிளறிடக் கூடாதுன்னு. நீ போயிப் பாத்துக்க.”

அவன் போன பிறகு காளியம்மா கோணிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். சும்மா சுடுகாட்டுப் பக்கம் போகிற பெண்பிள்ளையை ஊர் என்ன சொல்லும் என்று தெரியாதா? அதனால் வழியில் கிடக்கிற டின்னையும் அட்டைப்பெட்டியையும் பொறுக்கிக்கொண்டு போனாள். வாரத்துக்கு ஒரு முறை போனாள். செடி அவள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, பூவையும் சாக்கையும் எடுத்துக்கொண்டு திரும்புவாள். டின் பொறுக்குகிற காளியம்மா என்று பெயர் வந்துவிட்டது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

தாமானில் குப்பையைப் பிரித்துப் போட வேண்டும் என்ற சட்டம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. பேப்பர் தனி, பிளாஸ்டிக் தனி, அழுகிற குப்பை தனி. பிரித்துப் போட்டவர்கள் கொஞ்சம், போடாதவர்கள் கொள்ளை. இந்த நிலையில்தான் ஒரு தீபாவளி முடிந்த கையோடு கோயில் மண்டபத்தில் அரசாங்கக் கூட்டம் போட்டார்கள். மலாய்க்கார அதிகாரி அம்மா ஒருவர் வந்திருந்தார். கூடவே தினேஷ்வரன் என்ற தமிழ்ப் பையன். புதிதாக உத்தியோகத்தில் சேர்ந்தவன், எடுப்பாகப் பேசினான். மாவட்டத்துக் குப்பை எல்லாம் ஒரே குழியில் போய்க் கொட்டுகிறது, குழி நிறைகிறது. அதைக் குறைக்க வட்டாரத்துக்கே பொதுவாக ஒரு மறுசுழற்சி நிலையம் கட்டப்போகிறார்கள், உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கிடைக்கும் என்று திரையில் படம் போட்டு விளக்கினான். நல்ல திட்டம்தான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. “நம்ம காளியம்மா ஆன்ட்டிய பாருங்க, கவர்மெண்ட் சொல்றதுக்கு முன்னாடியே ரீசைக்கிள் பண்றாங்க,” என்று அவன் சொன்னபோது மண்டபமே கைதட்டியது. காளியம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது.

அடுத்த படத்தைப் போட்டான். நிலையம் வரப்போகும் இடம் ஒத்தப்பாலத் தோட்டம், பழைய சுடுகாட்டுப் பக்கம்.

காளியம்மா திரையில் பாலத்தைத் தேடினாள்.

“யாரும் பயப்பட வேணாம்,” என்றான் தினேஷ்வரன். “அங்க ஒங்க சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா இப்பவே சொல்லுங்க. ஐயர வச்சு முறையா எடுத்து, புது மயானத்துல வைக்கிறது எங்க பொறுப்பு. சொல்லாத இடத்துலதான் மிஷின் எறங்கும்.”

கோயில் தலைவர் வீரமுத்து எழுந்து நின்று ஒவ்வொரு குடும்பமாகக் கேட்டார். ஒருத்தர் தகப்பன் என்றார், இன்னொருத்தர் அக்கா என்றார். பிடிமண் எடுத்தால் போதுமா, எலும்பையே எடுக்க வேண்டுமா என்று தகராறுகூட நடந்தது. முறை காளியம்மாவிடம் வந்தது.

“காளியம்மா, அப்புசாமியத்தான் எரிச்சிட்டோம். வேற யாராச்சும் ஒனக்கு அங்க இருக்காங்களாம்மா?”

காளியம்மா வாயைத் திறந்தாள். பக்கத்தில் ஜானகி உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து நின்ற வயிறு, ஆறு மாசம். நேர்ந்துகொள்ளாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. அந்த வயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செத்த பிள்ளையைக் கணக்கில் சேர்ப்பதா? சேர்த்தாலும் என்ன நடக்கும், நாளைக்கே குழியைத் தோண்டுவார்கள். மகள் சுமந்துகொண்டிருக்கும்போது மகனைத் தோண்டி எடுப்பதா? எந்தத் தாய் அதைச் செய்வாள்?

“யாரும் இல்லண்ணே,” என்றாள்.

வீரமுத்து அடுத்த குடும்பத்துக்குப் போனார்.

அவள் மறந்துபோய் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு ஏற்பாட்டோடுதான் சொன்னாள். வேலை தைப்பூசம் கழிந்துதான் ஆரம்பிக்கும் என்று தினேஷ்வரன் சொல்லியிருந்தான். ஜானகிக்குத் தை பிறக்கும்போது நாள். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். அப்புறம் யாருக்கும் தெரியாமல் போய் ஒரு பிடி மண் எடுத்து, கடல் தண்ணீரில் கரைத்துவிடலாம். அதற்காக ஒரு சின்னப் பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்து, தன் பழைய பெட்டிக்குள் புடவைக்கு அடியில் வைத்தாள். “கொஞ்சம் பொறுத்துக்கடா ராசா, ஒன் தங்கச்சி பெத்துப் பொழச்சு வந்துரட்டும்,” என்று செடியிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்தாள்.

ஜானகிக்கு ரத்த அழுத்தம் ஏறியது. நாளுக்கு முன்னாலேயே மலாக்கா ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. காளியம்மா மகளை விட்டு அசையவில்லை. வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை, உள்ளங்கையில் அடங்குகிற உருவம், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். காளியம்மா கண்ணாடிக்கு வெளியே நின்று, நேர்ந்துகொண்ட சாமியை எல்லாம் திரும்பக் கூப்பிட்டாள். பிழைத்தது. வீட்டுக்கு வந்த பிறகு பத்தியச் சாப்பாடு, மருந்துத் தண்ணீர், தீட்டு. முப்பதாம் நாள் பேரும் வைத்தார்கள். ஜானகியின் புருஷன் பிள்ளையின் காதில் மூன்று தரம் பெயரைச் சொன்னபோது, காளியம்மா அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சொம்பை மடியில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

பாலத்தைத் தாண்டியதும் அவளுக்கு வழி தெரியவில்லை. வேலி இல்லை, வாய்க்கால் இல்லை, செடி இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவப்பு மண்ணைக் கொட்டி, உருளை ஓட்டிச் சமமாக்கியிருந்தார்கள். சுடுகாட்டுக்குள் இருந்த குழிகளை முறைப்படி மாற்றி முடிக்க நாளாகும் என்று, யாருமே இல்லாத வெளி ஓரத்திலிருந்து வேலையை முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டார்கள். காளியம்மா ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு வெளியே நின்ற அதே நாட்களில்.

தலையில் ஹெல்மெட்டோடு தினேஷ்வரன் அங்கே நின்றான். அவளைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தான்.

“என்ன ஆன்ட்டி, இவ்ளோ தூரம்? டின் பொறுக்கவா?”

“இங்க ஒரு நந்தியாவட்டை நின்னுச்சே தம்பி.”

“ஆமா ஆன்ட்டி, வெள்ளை வெள்ளையா பூத்திருந்துச்சு. எடுக்கவே மனசு வரல. ஆனா இந்தப் பக்கம் யாரும் இல்லைன்னு கூட்டத்துல சொன்னாங்கல்ல, அதான் மொதல்ல இங்க எறங்கச் சொல்லிட்டேன்.”

“மண்ண எல்லாம் தோண்டிட்டாங்களா?”

“இல்லல்ல, மேல உள்ளத மட்டும் வழிச்சுட்டு இந்த மண்ண போட்டிருக்கோம். கீழ உள்ளது அப்படியேதான் இருக்கு. ஏன் ஆன்ட்டி?”

அவனுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். நல்ல மனசுக்காரன். உண்மையைச் சொன்னால் அந்தப் பையன் ஆயுசுக்கும் தூங்குவானா? காளியம்மா தலையை ஆட்டினாள்.

“சும்மாதான் கேட்டேன். நல்ல பூ.”

அவன் போனதும் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். எங்கோ ஒரு குன்றை வெட்டிக் கொண்டுவந்த மண். அவள் பிள்ளைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கையை விரித்துக் கீழே விட்டாள். வெறும் சொம்போடு வீட்டுக்கு வந்து, அதைப் பழையபடி புடவைக்கு அடியில் வைத்தாள். “நான்தானடா ஒன்ன இல்லைன்னு சொன்னேன், நான்தான சொன்னேன்,” என்று பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து தன்னையே ஏசிக்கொண்டாள். அதையும் சத்தமில்லாமல்தான் செய்தாள்.

கோவிட் வந்து எல்லாம் நின்றது. பிறகு சிமெண்டு போட்டார்கள், கூரை எழுந்தது, நிலையம் திறந்தது. உள்ளூர் ஆட்கள் வேலைக்கு வேண்டும் என்றதும் முதல் ஆளாகப் போய் நின்றவள் காளியம்மா. தினேஷ்வரனுக்கு ஒரே சந்தோஷம். வயசானவர்களாயிற்றே என்று ஆபீஸ் அறையைக் கூட்டித் துடைக்கிற வேலை தரச் சொன்னான், ஏர்கான் அறை. அவள் வேண்டாம் என்றாள். குப்பை ஓடுகிற பெல்ட்டில்தான் நிற்பேன், அதுவும் கடைசிக் கோடியில்தான் நிற்பேன் என்று அடம்பிடித்தாள். அங்கிருந்து பார்த்தால் பழைய பாலம் தெரியும். பாலத்தை வைத்துக் கணக்குப் போட்டு, வாய்க்கால் ஓரம் இங்கேதான் வர வேண்டும் என்று அவளாக முடிவு செய்த இடம் அது. சரியா தப்பா, சொல்வதற்கு யாரும் இல்லை. எட்டு மணி நேரம் நின்று பாட்டிலைத் தனியாக, டின்னைத் தனியாக எடுத்துப் போட்டாள். ஒரு நாளும் லீவு எடுத்ததில்லை.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஒரு நாள் பெல்ட்டில் பச்சையாக ஏதோ வந்தது. மறுசுழற்சிப் பையில் வீட்டுச் செடியை வெட்டிப் போடுகிற புண்ணியவான்களுக்குப் பஞ்சமா? எடுத்து வீசப் போனவள் கையை நிறுத்தினாள். நந்தியாவட்டைக் கிளை. நாலைந்து பூ வாடாமல் இருந்தது. யாரும் பார்க்காமல் மேல்சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கிளையை மேசையில் வைத்துவிட்டுக் கால் கழுவப் போனாள். திரும்பி வந்தால் பேத்தி ஒரு பூவைப் பிய்த்துக் கண்ணாடி முன்னால் நின்று காதோரம் செருகிக்கொண்டிருக்கிறாள். காளியம்மாவின் கை அவளைக் கேட்காமலே எழுந்தது. பளார்.

பிள்ளை வீறிட்டது. ஜானகி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். மகளை வாரி எடுத்துக்கொண்டு தாயைப் பார்த்தாள். தரையில் விழுந்த பூவைப் பார்த்தாள்.

“பைத்தியமாம்மா ஒனக்கு? எனக்கும் இதே பூவுக்குத்தான அடிச்ச! அன்னிக்கும் என்ன தப்பு பண்ணேன்னு சொல்லல. இன்னிக்கு எம் பிள்ளையையும் அடிக்கிற. அப்படி என்னதான் இருக்கு இந்தப் பூவுல?”

காளியம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அது ஒங்கண்ணன் மேல பூத்த பூவுடி,” என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். லயத்தில் பிறந்ததிலிருந்து மண்டபத்தில் இல்லை என்று சொன்னது வரைக்கும். பெட்டியைத் திறந்து சொம்பையும் காட்டினாள். அழவில்லை, யாரோ வீட்டுக் கதையைச் சொல்வதுபோல் சொல்லி முடித்தாள். ஜானகிதான் அழுதாள். தன் வயிற்றுக்காகத் தாய் எதை விட்டுக்கொடுத்தாள் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

“அண்ணன் பேரு என்னம்மா?”

“தெரியாதுடி. ஒங்கப்பா மனசுல வச்சிருந்தாரு. அந்த நாள் வரல, நானும் கேக்கல. அவரும் கொண்டு போயிட்டாரு.”

“எந்த எடம்னாச்சும் தெரியுமா?”

“எல்லாம் சிமெண்டு. நான் நிக்கிற எடத்துக்குக் கீழ இருக்கான்னு நெனச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன்.”

மறுநாள் காலையில் ஜானகி வேலையை விடச் சொல்லவில்லை. தாயின் பூட்ஸை அவளே எடுத்துத் துடைத்து வைத்தாள். பஸ்ஸில் போக வேண்டாம், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று காரில் ஏற்றிக்கொண்டாள். நிலையத்து வாசலில் காவலுக்கு இருந்த சேகரன் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வெளிக்கதவைத் திறந்துகொண்டே பேச்சுக் கொடுத்தான்.

“மகளாக்கா? ஒரே பொண்ணுதானா ஒங்களுக்கு?”

காளியம்மாவின் நாக்கு வழக்கமான பதிலுக்குப் புரண்டது. அதற்குள் ஜானகி முந்திக்கொண்டாள்.

“இல்லண்ணே, ரெண்டு பேரு. எனக்கு மூத்தவரு ஒரு அண்ணன்.”

“அப்படியா? அண்ணன் எங்க இருக்காரு?”

ஜானகி தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே தெரிந்த கூரையை, பெல்ட் போகிற கடைசிக் கோடியைப் பார்த்தாள்.

“இங்கதாண்ணே,” என்றாள்.

காளியம்மா அந்த வாசலிலேயே, பூட்ஸ் காலோடு தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.